வெடி வைத்த வருஷம்

மகளுக்குக் கல்யாணம், வீட்டுக்குப் புது ஓடு, மகனுக்குச் சபையில் திடப்படுத்தல் ஆராதனை, கடைசியில் ஒரு பேரப்பிள்ளை. இத்தனையையும் ஆண்டவர் ஒரே வருஷத்தில் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் பிரித்து இரண்டு மூன்று வருஷமாகக் கொடுத்திருக்கலாம். இப்படிச் சொன்னால் என் மனைவி காதைப் பொத்திக்கொள்வாள்.

"ஆசீர்வாதத்தப் பழிக்காதீங்க, கேட்டியளா!"

நான் பழிக்கவில்லை. களைப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

எல்லைக் கிளர்ச்சி நடந்த காலம் அது. எங்கள் பக்கத்துத் தமிழ்த் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று இன்னொரு கட்சி. பாறசாலையில் எனக்குத் தையல் கடை. இரண்டு கட்சியும் கொடி தைக்க என்னிடம்தான் வந்தன. துணி வேறு, நூல் ஒன்று. ஒருவர் கொடியை இன்னொருவர் பார்த்துவிடக் கூடாதே என்று ஒன்றைத் தைக்கும்போது மற்றதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். அந்த வருஷம் முழுக்க யாராவது ஒருவருடைய கொடி என் அடியில் கிடந்தது.

மகளைத் தை மாதம் களியக்காவிளைக்குக் கிழக்கே கட்டிக்கொடுத்தோம். கல்யாண வண்டியை வழியில் ஒரு கூட்டம் மறித்தது. கையில் தடி.

"எலே, தமிழனா, மலையாளியா?"

எனக்கு வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், கோபம் வந்தால் மலையாளம். எதைச் சொன்னால் அடி விழும் என்று தெரியவில்லை. கைகளை மேலே தூக்கி, "கிறிஸ்தியானியாக்கும்," என்றேன்.

கூட்டம் குழம்பி நின்றது. என் மனைவி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "பெண்ணுவீட்டுக்காரவியளாக்கும். அங்க சோறு ஆறுது. வழிய விடுங்க மக்கா." விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பாறசாலைச் சந்தையில் யாராவது என்னைக் கண்டால் கையைத் தூக்கி, "கிறிஸ்தியானியாக்கும்" என்பார்கள்.

மழைக்காலத்தில் கிழக்கே போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். அதில் எனக்குச் சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு கிழக்கே போவதை நான் நாள் தள்ளிக்கொண்டே வந்தேன். பஸ் ஒருநாள் ஓடும், இரண்டு நாள் நிற்கும். மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பலகாரம் கொண்டுபோய் அவளை விளித்துக்கொண்டு வர வேண்டும். வழி அடைந்துபோனால் என் பிள்ளை அங்கேயும் நாங்கள் இங்கேயும். மனைவி முந்திரிக்கொத்து செய்து டின்னில் அடைத்து வைத்துவிட்டு, தினமும் அந்த டின்னைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

"அடுத்த ஆழ்ச்ச போலாம்," என்று வாராவாரம் சொல்வேன்.

"டின்னுக்குள்ள எறும்பு போயாச்சு. நீங்க இன்னும் போகல்ல."

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் திருநாளுக்கு வைப்பதும் வெடி, போலீஸ்காரன் துப்பாக்கியில் வைப்பதும் வெடி. தமிழிலிருந்து ஒன்று, மலையாளத்திலிருந்து ஒன்று, இரண்டும் ஒரே வாயில். நல்ல காலத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒருநாள் காலை, களியக்காவிளைச் சந்தைக்கு வெற்றிலை கொண்டுபோகிறவர் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலைக் கடைப்படியில் ஊன்றி நின்றார்.

"ஒங்க சம்மந்தி சொல்லிவிட்டாவ. அங்க வெடி வச்சாச்சு..."

மீதியை நான் கேட்கவில்லை. கேட்க நான் அங்கே இல்லை. வீட்டுக்குள் ஓடி, மனைவியின் குடையை எடுத்தேன். என் குடை அதன் பக்கத்திலேயே தொங்கியது. சமாதானக்காரன் என்று தெரியட்டும் என்று வெள்ளைத் துவர்த்துத் துண்டு ஒன்றைக் குடை நுனியில் கட்டினேன். அந்த வருஷம் நான் செய்த மூன்றாவது கொடி அது. கக்கத்தில் முந்திரிக்கொத்து டின். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் அதை யாருக்குக் கொடுக்க நினைத்தேனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ரோட்டில் போகப் பயம். வயல் வரப்பு வழியே போனேன். ஜெபம் பாதியில் மறந்துபோய், "எங்கள் அனுதின அப்பத்தை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். குறுக்கே ஓடிய ஒரு வாய்க்கால் தோட்டில் விழுந்தேன். எழுந்தபோது தூரத்தில் வெடிச் சத்தம். திரும்ப விழுந்தேன், இந்த முறை வேண்டுமென்றே. வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்:

"என்னத்தப் பிடிக்கிய? ஞண்டா?"

சம்பந்தி வீட்டு முற்றத்தில் சம்பந்தி பப்படம் காயவைத்துக்கொண்டிருந்தார். மகள் நடையில் உட்கார்ந்து கால் நீட்டிப் பலாக்கொட்டை தின்றுகொண்டிருந்தாள். நான் கொடியோடு, சேற்றோடு நின்றேன்.

"எவன் சுட்டான்? ஆருக்குப் பட்டுது?" என்றேன்.

சம்பந்தி குடை நுனியைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார். "சம்மந்தி, அது மாதா கோயில்ல திருநாள் கொடியேத்துக்கு வச்ச வெடியாக்கும். திருநாள் தீர்ற வரைக்கும் வண்டி கிட்டாது, அடுத்த ஆழ்ச்ச பைய வந்தாப் போதும்னுல்லா சொல்லி விட்டேன்?"

"அது அவரு சொல்லல்ல," என்றேன்.

"நீங்க நின்னு கேட்டியளா?" என்றாள் மகள். அப்படியே அவள் அம்மா.

சம்பந்தி சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே போய் ஒரு மூச்சுச் சிரித்துவிட்டுத் திரும்ப வந்து சிரித்தார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. வந்தது வந்தாயிற்று, மகளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று நடையில் உட்கார்ந்துவிட்டேன். திருநாளுக்கு வாழைக்குலை இறக்கிவிட்டுப் பாறசாலைக்குத் திரும்பும் காளைவண்டி ஒன்று கடைசியில் கிடைத்தது.

வண்டியில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாழைச்சருகின் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டேன். முதுகு, கால், பல் எல்லாம் வலித்தது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது ஒரு முனகல் வந்துவிட்டது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து மகளிடம் கேட்டார்:

"மோளே, பேறுக்குப் போறது நீயா, இவரா?"

அடுத்த நாளே பஸ் மறுபடி நின்றது. வெகுநாள் ஓடவில்லை. அதற்கு முன்பே மகள் வீடு வந்து சேர்ந்தது என் பயம் எனக்குச் செய்த ஒரே உபகாரம். மனைவி அதை ஆண்டவர் கணக்கில் எழுதிக்கொண்டாள். எழுதட்டும்.

ஐப்பசி மழையில், எங்கள் வீட்டு நடு அறையில் பேத்தி பிறந்தாள். சாயங்காலம் வரை வராந்தாவில் நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கியது. மருத்துவச்சி வெளியே வந்து, "ரெண்டுபேரும் சொகம்," என்றபோது, நான் முதலில் கேட்டது, "நான் கொஞ்சம் இரிக்கலாமா?"

மறுநாள் காலை சம்பந்திக்குச் செய்தி சொல்லி அனுப்ப வேண்டும். அதே வெற்றிலைக்காரர்தான் வந்தார். என் அனுபவம் முழுவதையும் திரட்டி அவருக்குப் பாடம் சொன்னேன்.

"வெடின்னு ஒரு சொல்லு வாயில வரப்பிடாது. நேர போயி மொதல்ல, பேடிக்க ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். பொறவுதான் பிள்ள பெறந்த காரியம். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு. மொதல்ல, பேடிக்க ஒண்ணும் இல்ல."

அவர் போனபின் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே குழந்தை அழுதது, ஓய்ந்தது. வருஷம் இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

மத்தியானம் ஆகவில்லை. தோட்டுக்கு அந்தப் பக்கம் வரப்பில் ஒரு ஆள் ஓடி வருவது தெரிந்தது. வேட்டி முழங்காலுக்கு மேலே, ஒரு பக்கம் முழுக்கச் சேறு. கையில் குடை. குடை நுனியில் வெள்ளைத் துவர்த்து.

சம்பந்தி முற்றத்துக்கு வந்து நின்றார். பேடிக்க ஒண்ணும் இல்ல என்று அந்த வருஷத்தில் யாராவது சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? அவரும் நின்று கேட்டிருக்க மாட்டார்.

சிரிக்க எனக்கு முழு உரிமை இருந்தது. அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, நடு அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெண்ணாக்கும்," என்றேன். "ரெண்டுபேரும் சொகம். இரியுங்க சம்மந்தி."

நாற்காலியை அவருக்கு விட்டுப் படியில் இறங்கி உட்கார்ந்தேன். அவர் குடையை மடக்க மறந்து, துவர்த்தோடு அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு செம்பில் வெள்ளம் கொண்டு வந்தாள். ஒன்று அவருக்கு. மற்றதை என் பக்கத்தில் வைத்தாள். நான் கேட்கவில்லை. ஆனால் எனக்கும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது.