நான் துடைத்த குட்டி

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க நாலு பேரோடு போவதுதான் வழக்கம். நான் தனியாகப் போனேன். கூட்டமாகப் போனால் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். காபி, கேசரி, சிரிப்பு. என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. காலையிலேயே வருகிறேன், சாயங்காலம் வரை இருப்பேன் என்று போனில் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்வது மரியாதை இல்லைதான். மகள் விஷயத்தில் எனக்கு மரியாதை பார்க்கத் தெரியாது.

மகளும் நானும் டோல்கேட் பக்கத்தில் மீன் கடை போட்டிருக்கிறோம். பையன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறான். சனிக்கிழமை தவறாமல் சங்கரா மீன் வாங்க வந்தவன், சங்கராவோடு நிற்கவில்லை. அவன் அப்பா அம்மா செம்மறி ஆடு வளர்க்கிறவர்கள். "நீ போய் ஒரு நாள் இருந்து பாரு. ஒத்துவராதுன்னு நீ சொல்லிட்டா நான் வுட்டுட்றேன்மா" என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னபடி செய்கிறவள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒத்துவராது என்று சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் கடைசியில்தான் நிரம்பும். சிலர் உட்கார்ந்த பிறகு மீன் வாடை தாங்காமல் எழுந்து போவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் வாழப்போன வீட்டில் ஒருத்தி மூக்கைச் சுளித்தால் என் மகள் எங்கே போவாள்? கல்யாணம் ஆனாலும் கடையை விட மாட்டேன் என்று வேறு அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

லாரிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, கோரைப்புல் மண்டிய வெளியில் ஆட்டுப் பட்டி இருந்தது. சுற்றிலும் வேலிக்குப் பதிலாக, எங்கள் ஆட்கள் கழித்துப் போட்ட பழைய வலை. போட்டிருந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வணக்கம் சொல்வதற்கு முன்பே இரண்டு முடிச்சை அவிழ்த்துத் திருப்பிப் போட்டேன். பையனின் அம்மா விளக்குமாறும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதான் தெனம் ஒரு ஆடு பூந்து வெளிய போய்கினு கீதா?" என்றார். என் வயசுதான் இருக்கும்.

அவர் வீட்டுக்காரர் மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். பால்குடிக் குட்டிகளின் மேல் பெரிய கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தாய்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தின. குட்டிகள் உள்ளேயிருந்து கத்தின. அந்தச் சத்தத்தில் நல்லவேளையாக எங்கள் இருவருக்கும் பேச வேண்டியிருக்கவில்லை. அவர் பட்டியைக் கூட்டினார், நான் புழுக்கையைச் சாக்கில் அள்ளினேன். உட்காருங்க என்று ஒரு தரம் சொன்னார், மறு தரம் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று எனக்கே கோபம்.

சினையாக இருந்த ஆடு ஒன்றை மேய்ச்சலுக்கு அனுப்பாமல் நிறுத்தியிருந்தார்கள். உச்சிவெயிலில் அது குட்டி போட்டது. குட்டி ஈரத் துணி மாதிரி விழுந்து கிடந்தது, அசைவில்லை. முப்பது வருஷமாகக் கண்ணைப் பார்த்தே மீன் செத்து எத்தனை நாள் என்று சொல்கிறவள் நான். குனிந்து அதன் கண்ணைப் பார்த்தேன். மங்கியிருந்தது.

"செத்துப்போச்சுக்கா" என்றேன்.

அவர் குட்டியின் பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தலைகீழாக இரண்டு சுற்றுச் சுற்றினார். மூக்கிலிருந்து சளி கொட்டியது. ஒரு புல்லைக் கிள்ளி மூக்குக்குள் விட்டுக் குடைந்தார். குட்டி தும்மியது! என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அதற்குள் ஆடு மறுபடியும் முக்க ஆரம்பித்தது. "ரெட்டக் குட்டி. இத்த கொஞ்சம் தொடைங்கக்கா" என்று முதல் குட்டியை என் மடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். துடைப்பதென்றால் எனக்கு அரைகுறையாகத் தெரியாது. முந்தானையால் காதுக்குள், கால் இடுக்கில், வயிற்றடியில் என்று பளிச்சென்று துடைத்து எடுத்தேன். கடையில் கட்டுகிற புடவைகளில் ஒன்றைத்தான் துவைத்துக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

இரண்டாவது குட்டியைத் தாய் ஆசையாக நக்கியது. என் குட்டியைக் கொண்டுபோய் விட்டதும் ஒரு தரம் மோந்து பார்த்தது. காலால் தரையைத் தட்டியது. தலையால் முட்டித் தள்ளிவிட்டது. குட்டி எழுந்து மறுபடி தாயின் மடிக்குப் போனது. மறுபடி முட்டு.

"பொறந்த ஈரத்த வெச்சுத்தான் அதுக்கு அடையாளம். நீங்க சுத்தமா தொடச்சுட்டீங்க. இப்ப அது மேல மீன் வாடதான் கீது" என்றார் அவர்.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. "எம் பொண்ணு மேலயும் இதே வாடதான் வீசும். நாளைக்கு உங்க வூட்லயும் இப்டித்தான் முட்டித் தள்ளுவீங்களா?" என்று கேட்டே விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அசிங்கமாக.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஆடுக்கா. மோந்துதான் பாக்கும். நாம மோந்தா பாக்கப்போறோம்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எம் புள்ளைய மார்க்கெட்ல ஆட்டுப் புழுக்கன்னுதான் கூப்புடுவானுங்க. அத்தக் கேட்டுட்டு வூட்டுக்கு வந்து சோறு துன்னாம படுத்துகினு இருந்த நாளெல்லாம் கீது. இன்னொருத்தி வூட்டுப் பொண்ண நான் அப்டிச் சொல்லுவனா?"

உள்ளே போய்க் கல்லுப்பைப் பொடித்துக் கொண்டுவந்தார். இரண்டாவது குட்டியின் மேல் இருந்த ஈரத்தை வழித்து என் குட்டியின் மேல் பூசினார். உப்பை என் கையில் கொடுத்தார். "நீங்களே தடவுங்க."

"என் கையாலயா?"

"தடவுங்கக்கா."

கருவாட்டுக்கு உப்புத் தேய்த்த கை. குட்டியின் முதுகில் மெல்லத் தடவினேன். ஆடு கிட்டே வந்தது, மோந்தது, நகர்ந்தது. மறுபடி வந்தது. மூன்றாம் தரம் நாக்கை நீட்டி உப்பை நக்கியது. முதுகை நக்கி, கழுத்தை நக்கி, அங்கேயே இருந்த என் கையையும் சேர்த்து நக்கியது. நாக்கு சொரசொரப்பாக, சூடாக இருந்தது. நான் கையை எடுக்கவே இல்லை. குட்டி மடியைத் தேடிப் பிடித்து, வால் துடிக்கப் பால் குடித்தது.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெயிலில் உட்கார்ந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "பொண்ணுக்கு இன்னா கலரு புடிக்கும்? பொடவ எடுக்கணுமே." மகளை எத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. அவர் எதிரிலேயே போனை எடுத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "இன்னாம்மா சொல்லப்போற?"

"கல்யாணப் பொடவ இன்னா கலர்ல வோணும் உனுக்கு?" என்றேன்.

அழுதுகொண்டே சொன்னாள்: "பச்ச."