அத்தை குடிக்காத காபி

வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பெல்லாம் வேண்டாம் என்று நான் சொன்னதும் மகள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். எங்கள் நியூ டவுன் ஃப்ளாட்டில், அவள் தொடாத காபியில் ஆடை படிந்தது.

என் அத்தையின் காபியிலும் இப்படித்தான் படியும். அந்தக் காலத்தில், இதே ஊரின் கரியாஹாட் பக்கத்துத் தமிழ் வீடுகளில், பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி முதலில் படியேறியவள் அவள். ஞாயிறுதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். டிகாக்‌ஷன் மணக்க டவரா டம்ளர் வரும்.

"காபி ஆறிண்டிருக்கே, சாப்பிடுங்கோ."

"பொண்ணைக் காலேஜ்ல சேக்கறேன்னு சொல்லுங்கோ, சாப்பிடறேன்."

வந்தவள் வாய் நனைக்காமல் போவதை எந்த வீட்டுக்காரர் தாங்குவார்? பலர் இறங்கிவந்தார்கள். பச்சைத்தண்ணீராய் ஆறியதைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, அத்தை அடுத்த வீட்டுக்குக் கிளம்புவாள்.

இந்தக் கதையை மகளுக்குச் சொன்னவனே நான்தான்.

கதவைத் தட்டினேன். "சரி, போய்ப் படி. காபியைச் சுட வைக்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா. ஆறினதையே குடு."