அண்ணனுக்குத் தெரியாத சிவப்பு

குடுவையில் இருந்த கிணற்றுத் தண்ணீர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு வந்து, அதையும் தாண்டிச் செக்கச்செவேலென்று ஆன பிறகும் அண்ணன் சொட்டு விடுவதை நிறுத்தவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டு, இடது கையால் சொட்டு விடும் ப்யூரெட் குழாயின் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையை மெல்லச் சுழற்றியபடி மேடையில் அவ்வளவு அழகாக நின்றார். முகத்தில் பதற்றமே இல்லை. நிறம் மாறும் அந்த ஒரு சொட்டோடு நிறுத்துவதுதான் அந்தப் பரிசோதனையின் உயிர். அது போய் ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரை அந்த மேடையில் ஏற்றிவிட்ட புண்ணியவதி நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் அறக்கட்டளை சின்னதாக ஒரு சமுதாயக் கல்லூரி நடத்திவந்தது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும் அங்கே வருவார்கள். அறிவியல் படிப்பவர்களில் சிலருக்கு உதவித்தொகை உண்டு. அதோடு, அந்தத் துறையில் வேலை பார்க்கும் ஒருவரை 'மென்டர்' என்று துணைக்குச் சேர்த்துவிடுவார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து பேசி, மாதக் கடைசியில் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எனக்கென்று ஒதுக்கப்பட்ட மாணவருக்கு முப்பத்து நான்கு.

முதல் நாள் அவர் 'மேடம்' என்றார், நான் 'அண்ணன்' என்றேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காததால் கடைசிவரை அப்படியே நின்றுவிட்டது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்து, ஆரியசாலையில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டராக இருந்தவர். தனியாகப் படித்துப் பிளஸ் டூ முடித்துவிட்டு, மருத்துவ ஆய்வகப் படிப்பில் சேர்ந்திருந்தார். ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையை அவர் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. என்னிடமும் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமைகளில் எங்கள் கூடத்துக்கு வருவார். நான் பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டு ஏதாவது பேசுவேன், அவர் பொறுமையாகக் கேட்பார். இடையில் எழுந்து போய், மாதக்கணக்காகக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த எங்கள் சென்ட்ரிஃபியூஜ் சுழல் எந்திரத்தைக் கழற்றி, துடைத்து, சத்தமில்லாமல் ஓட வைத்துவிட்டு வந்து மறுபடி உட்காருவார். ஹோட்டலில் கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அவர் கைதானாம். தன்னுடைய பாட்டில்களில் எல்லாம் துண்டுக் காகிதம் ஒட்டி, உள்ளே என்ன என்று எழுதி வைப்பார். எவ்வளவு ஒழுங்கான மனுஷர் என்று வீட்டில் வந்து அம்மாவிடம் புகழ்ந்தேன். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைக் குறிக்கும் டைட்ரேஷன் அளவுகளோ வகுப்பிலேயே அவருடையதுதான் சுத்தம். ஆண்டுவிழாவில் உதவித்தொகை கொடுப்பவர்களுக்கு முன்னால் ஒரு மாணவர் பரிசோதனை செய்து காட்ட வேண்டும் என்றதும் நான் முந்திக்கொண்டு அவர் பெயரைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். கூச்சம் என்று நினைத்து வற்புறுத்தினேன். நம் ஆள் மேடையில் நின்றால் நமக்குத்தானே பெருமை!

விழா முடிந்து மூன்று நாள் நான் அவரைத் தேடவில்லை. கோபம். எனக்கு ஏற்பட்ட அவமானத்தைத்தான் நினைத்தேனே தவிர, அவருடையதை நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. நான்காம் நாள் அவரே வந்தார். உட்காரவில்லை.

"மேடம், எனக்குச் சிவப்பு தெரியாது. பச்சையும் அப்படித்தான். பிறந்ததிலேயே இப்படித்தான் எனக்கு. பக்கத்து டேபிள் கொச்சு, அந்தச் சின்னப் பொண்ணு, நிறம் மாறினதும் கண்ணாடிக் கம்பியால மேசையில ஒரு தட்டு தட்டும். அதைக் கேட்டு நான் நிறுத்துவேன். அன்னைக்கு யாரும் தட்டல்ல."

கல்லூரியை விட்டுவிட்டு ஹோட்டலுக்கே திரும்பப் போவதாகவும் சொன்னார். பாட்டில்களில் அவர் ஒட்டிய காகிதங்கள் அத்தனையும் கண்முன் வந்து நின்றன. ஐந்து மாதம் எதிரில் உட்கார்ந்து பேசிய எனக்குத் தெரியாதது, பக்கத்து மேசையில் நின்ற பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் ஒரு வார்த்தை கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், தினம் தினம் தட்டியிருக்கிறாள்.

விஷயம் தெரிந்து உதவித்தொகைக் குழு கூடியது. மறைத்தது தவறு, உதவித்தொகையை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். தவறு என்னுடையது என்று நான் எழுந்து சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்றபோது ஏன் என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். ஓய்வுபெற்ற பேராசிரியரான குழுத் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் என்னிடம் ஒன்று கேட்டார். நாளைக்கு என் அம்மாவின் ரத்தத்தை இவர் பரிசோதிக்கச் சம்மதிப்பேனா என்று. வாசலருகே நின்றிருந்த அண்ணன்தான் பதில் சொன்னார்.

"வேண்டாம் சார். எனக்க அம்மைக்க ரத்தத்தையே நான் பாக்கமாட்டேன். தப்பாச் சொல்லிட்டா யாரு பொறுப்பு? ஆனா அந்த மெஷின்களைத் திறந்து பாக்க மட்டும் விடுங்க சார். அது எனக்கு மனசிலாகும்."

மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரும் ஆசையை அவர் அந்த இடத்தில், எங்கள் எல்லோருக்கும் முன்னால், தானே கீழே இறக்கி வைத்தார். யாரும் பிடுங்கவில்லை. அந்த ஆசை எனக்கு மட்டும் தெரிந்ததால், அழுகையை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரம் ஆய்வகக் கருவிகள் பராமரிப்புப் படிப்புக்கு அவரை மாற்றினார்கள், உதவித்தொகையும் நிற்காமல் தொடர்ந்தது. அதற்கடுத்த வருஷத்திலிருந்து, சேரும்போதே எல்லோருக்கும் கண் பரிசோதனை உண்டு.

இப்போது நகரத்தில் பாதி ஆய்வகங்களின் கருவிகள் கெட்டால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கழக்கூட்டம் சாலை நெரிசலில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வருவார். தலை முழுக்க நரைத்துவிட்டது. போன மாதம் எங்கள் கூடத்தில் ஒளியை அளக்கும் ஃபோட்டோமீட்டர் ஒன்று நின்றுபோனது. நான் இப்போது அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாளர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, அண்ணன் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்து இரண்டு மெல்லிய ஒயர்களை விரலால் பிரித்து வெளியே எடுத்தார். குரலைத் தாழ்த்தவில்லை. யாரையும் ஓரமாக அழைத்துப் போகவுமில்லை.

"மேடம், இதுல சிவப்பு எது? எனக்குத் தெரியாதுல்லா."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, வலது பக்கத்து ஒயரைத் தொட்டு, இது அண்ணே என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. பற்றவைத்துவிட்டார்.