பஸ் தேர்ந்தெடுத்த கல்லூரி

மேசைமேல் லேப்டாப், காதில் ஹெட்போன், அதற்குள் சென்னை அலுவலகத்துக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சாஜிதா மைக்கை அணைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "ஏட்டி, படபடங்காத. நிதானமா வாசி" என்றார். மைக்கைப் போட்டு, கார்களுக்கான சிப் வடிவமைப்பு பற்றி ஆங்கிலத்தில் நாலு வாக்கியம். மறுபடி அணைப்பு. "ம்... மொதல்ல எந்தக் காலேசு போட்டிருக்க?"

எண்ணூறு பொறியாளர்கள் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். ஆனால் பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால், அவரைப் பார்க்க கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் தம்பி கிபாயத்துல்லாவின் பிரவுசிங் சென்டருக்குத்தான் வர வேண்டும். சுற்றுப்பட்டிப் பெண்பிள்ளைகள் அங்கே வரிசை கட்டி நிற்பார்கள்.

படித்த காலத்தில் எலெக்ட்ரிகல் வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். லேப் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடிக்காமலே படித்து முடித்தார். இன்றைக்கும் எந்தக் கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டாலும், லேப் பக்கத்துக் கழிப்பறையைப் பார்த்துவிட்டுத்தான் மாலைக்குக் கழுத்தை நீட்டுவார். தன் அலுவலகத்தில் ஆளெடுக்கும் குழுவில் ஆண்கள் மட்டுமே இருந்தால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு பெண் வந்து உட்கார்ந்த பிறகே முதல் கேள்வி. "கோட்டிக்காரின்னு பின்னால பேசுதாங்க. பேசட்டும், ஆளு வந்துருதுல்லா" என்பார்.

அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவள் நாகலாபுரம் மாரிச்செல்வி. அவள் மதிப்பெண்ணுக்குச் சென்னை அரசுக் கல்லூரியில் எலெக்ட்ரிகல் கிடைக்கும். அவளுக்கும் அதில்தான் ஆசை. ஆனால் முதல் விருப்பமாகப் போட்டிருந்தது பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியை. ஐந்து மணிக்கு மேல் மாற்ற முடியாது. மணி நாலே முக்கால்.

"இதுல என்ன விசேஷம்?"

பின்னால் நின்ற அவள் அப்பா சோலைச்சாமி, "அந்தக் காலேசு பஸ்ஸு எங்க ஊருக்குப் பிரியுத விலக்கு ரோட்டுலயே நிக்கும்மா" என்றார். இந்தக் கரிசல்காட்டில் பாதி வீடுகளில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பஸ்தான்.

"அண்ணாச்சி, எட்டயபுரம் சந்தைக்கு ஆடு வாங்கப் போறீங்க. வீட்டு வாசல்லயே கொண்டாந்து விடுதேன்னு ஒருத்தன் சொன்னா, நொண்டி ஆட்டப் புடிப்பீங்களா?"

சென்டரே சிரித்தது. சோலைச்சாமியும் சிரித்தார். பிறகு, "ஆடு தொலஞ்சா வேற ஆடு வாங்கிக்கிடலாம்மா" என்றார்.

சாஜிதா ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"மெட்ராசுல பிள்ளைக்கு ராத்திரி ஒண்ணுன்னா, நான் யாருக்குப் போன் போடுதது?"

"எனக்குப் போடுங்க. அங்கனதான இருக்கேன்."

"நீங்க பெரிய ஆளு. ஆயிரம் சோலி இருக்கும். எடுப்பீங்களா?"

சாஜிதா சோலைச்சாமியின் பட்டன் போனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்து கொடுத்தார். மாரிச்செல்வி அப்பாவையும் திரையோரத்து மணியையும் மாறி மாறிப் பார்த்தாள். கழற்றி வைத்த ஹெட்போனுக்குள் கூட்டத்து ஆட்கள் ஏதோ முடிவுக்காக சாஜிதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சோலைச்சாமி நின்ற இடத்திலேயே பச்சைப் பட்டனை அமுக்கினார். மேசைமேல் சாஜிதாவின் போன் அடித்தது. லேப்டாப்பைச் சாத்திவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்றவரைப் பார்த்தபடியே போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

சோலைச்சாமி போனுக்குள்ளேயே பேசினார். "மெட்ராஸ் காலேசயே மொதல்ல போடச் சொல்லுங்கம்மா."

காதிலிருந்து போனை எடுக்காமலே சாஜிதா மவுஸை மாரிச்செல்வியின் கைப்பக்கம் தள்ளினார்.