அறிக்கையில் இல்லாத கை

கையில் எந்த இலை அகப்பட்டாலும் லோரன்ஸ் அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு, மெல்லத் திறந்து பார்ப்பார். பூசை முடிந்து வரும் வழியில் வேலியோரத்து இலை, சமையலுக்கு வாங்கிய லீக்ஸ் இலை, எதுவானாலும் சரி. மகள் ஏஞ்சலா விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்துவரும் பழக்கம் இது. டயகமப் பக்கம் தேயிலை அரைக்கும் ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் முப்பது வருஷம் நின்ற கை. பிடித்த கொழுந்து உருண்டையாகவே கிடந்தால் அரைக்கலாம். விரிந்துகொண்டால் இன்னும் வாட வேண்டும்.

ஓய்வு பெற்றதும், கொழுந்து போதிய அளவு வாடியதா என்று அந்தக் கை சொல்வதைச் சொல்ல அட்டனில் ஒரு சிறு கருவி செய்தார். குடும்பத்தின் முதல் பட்டதாரியான ஏஞ்சலா அதற்கொரு கம்பனி பதிந்தாள். கொழும்பில் நான்கு முதலீட்டாளர்களைப் பார்த்தார்கள். நால்வரும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"இது சரியாச் சொல்லுதுன்னு நாங்க எப்படி அங்கிள் நம்புறது?" என்று வாய்விட்டுக் கேட்டவர் அந்த நால்வரில் வினோஜன் மட்டும்தான்.

அதனால்தான் அரசின் ஆராய்ச்சி மானியத்துக்கு எழுதிப்போட்டார்கள். கிடைத்த தொகை சோதனைக்கே சரியாகப் போனது. மூன்று மாதம் சோதித்து, அரசு விஞ்ஞானிகளின் ஒப்பத்தோடு அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. கருவியோடு ஒப்பிட ஒரு தேர்ந்த கை தேவைப்பட்டது. கருவியைச் செய்தவர் என்பதால் லோரன்ஸின் சொந்தக் கை செல்லாது. ஓய்வு வயது கடந்தும் அதே மாடியில் இன்னும் வேலை செய்யும் அம்மாக்கண்ணுவிடம் போனார்.

"ஏன் தம்பி, ஒங்க மிசினுக்கு நான் வாத்தியாரா?"

"ஆமாக்கா. அறிக்கையில ஒங்க பேரு வரும். வாக்கு குடுக்குறேன்."

"அப்ப போட்டோவும் போடச் சொல்லுங்க. பவுடர் பூசிக்கிட்டு வர்றேன்."

மூன்று மாதமும் வேலை முடிந்த பிறகு நின்று, கொழுந்தைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார் அம்மாக்கண்ணு.

சோதித்தவர்களின் பெயருக்கு எதிரே 'கல்வித் தகைமை' என்றொரு கட்டம் இருந்தது. அம்மாக்கண்ணு மூன்றாம் வகுப்பு. அறிக்கையின் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஏஞ்சலா அந்த வரியையே எடுத்துவிட்டாள். யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை.

அறிக்கையில் அரசு முத்திரை விழுந்த மறுவாரம் வினோஜன் தானாகவே அட்டனுக்கு வந்தார். மானியம் எவ்வளவு என்று அவர் கேட்கவேயில்லை. கடைசிப் பக்கத்து ஒப்பங்களை மட்டும் பார்த்தார்.

"கொழுந்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள். தெரிஞ்சவங்க பாத்திருக்காங்க, அது போதும்."

லோரன்ஸ் பக்கங்களைத் திருப்பினார். "அக்கா பேரு எங்கம்மா?"

தான் எடுத்துவிட்டதை ஏஞ்சலா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். திருத்தினால் எல்லோரிடமும் மறுபடி ஒப்பம் வாங்க வேண்டும். இரண்டு மாதமாவது ஆகும். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கையில் இல்லாவிட்டால் முதலீடு வேறு கம்பனிக்குப் போய்விடும் என்றார் வினோஜன்.

லோரன்ஸ் வெறும் உள்ளங்கையை இறுக்கி, மெல்லத் திறந்து பார்த்தார். "அடுத்த அறிக்கையில போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்.

இன்று அறுபது ஸ்டோர்களில் அந்தக் கருவி ஓடுகிறது. முதல் பணம் வந்ததைப் பார்த்தே அடுத்தவர்களும் பணம் போட்டார்கள். அதன்பின் யாரும் அறிக்கை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்தில் அம்மாக்கண்ணு எதிர்ப்படுவார். "தம்பி, என் பேரு எத்தனாம் பக்கத்துல?"

"வரும்க்கா" என்பார் லோரன்ஸ். பக்கத்தில் நிற்கும் ஏஞ்சலா பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருப்பாள்.