"மூடி எங்க அம்மா?"

"மனைப்பொருளியல் எடுக்கட்டே அம்மா?" என்று பத்தாம் வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்யும்போது என் மகள் கேட்டாள். "சமையலை வீட்டில பழகலாம், நீ கொம்பியூட்டர் பாடம், ஐசிடி எடு" என்றேன். வீட்டிலோ, அவள் குசினிக்குள் வந்தாலே "போய்ப் படி" என்று துரத்தினேன்.

போன மாதம் ஒரு மாலை, வேலை முடிந்து பஸ்ஸில் வெள்ளவத்தையில் உள்ள வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பம்பலப்பிட்டியில் ஒரே நெரிசல். மகள் அழைத்தாள். வீட்டில் தனியாக இருந்தவள் பசிக்கு ரோல்ஸ் பொரிக்கப் போயிருக்கிறாள்.

"அம்மா, தாச்சி எண்ணெயில நெருப்புப் பிடிச்சிட்டுது. வாளியில தண்ணி வச்சிருக்கிறன். ஊத்தட்டே?"

எரியும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் நெருப்பு அவள் முகத்துக்கே சீறும்.

"ஊத்தாதை பிள்ளை. வாளியைக் கீழ வை. காஸை நிப்பாட்டிப்போட்டு, பெரிய மூடியால தாச்சியை மூடு."

"மூடி எங்க அம்மா இருக்கு?"

பிறந்ததிலிருந்து அவள் வாழும் வீடு அது. "சிங்குக்குக் கீழ" என்று நான் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"மூடிட்டன், நெருப்பு அணைஞ்சிட்டுது" என்றாள் கடைசியில், அழுதுகொண்டு.

பள்ளிக்கூடங்கள் சமையலைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். வீட்டில் பழகலாம் என்று சொல்லும் என்னைப் போன்றவர்களை நம்பாதீர்கள். இப்போது சனிக்கிழமை டியூஷன் ஒன்றை நிறுத்திவிட்டு மகளைச் சமைக்க விடுகிறேன். தாச்சியை அடுப்பில் வைக்க முதல் அவள் மூடியை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.