நாலு மணிக்குப் பிந்தி வந்த வான்

செய்தி எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "சனிக்கிழமை வகுப்பு நடக்காது" என்பது முதல் வரி. எங்கள் நகரின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பிள்ளைக்கு நான் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பை நிறுத்துவதென்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா என்னோடு வகுப்பெடுக்கிற இந்த மனுசன் என்று மனதுக்குள் ஏசி முடித்த பிறகுதான் இரண்டாவது வரியை வாசித்தேன். யோகன் அண்ணை அன்று காலை காலமாகிவிட்டார். கார் நடைபாதை விளிம்பில் ஏறி நின்றது. "சொறி அன்ரி" என்றது பிள்ளை. பிழை அவளுடையது அல்ல. பழக்குகிறவருக்கென்று என் பக்கத்திலும் உள்ள பிரேக்கை மிதிக்க நான் மறந்துபோனேன்.

நினைவு மலருக்கு ஒன்று எழுதித் தரச்சொல்லி அவருடைய மனைவி பவளம் அக்கா கேட்டிருக்கிறார். நல்லதாய் நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரை அறிந்த உங்கள் பலருக்கும் தெரியும், நானும் அவரும் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே உள்ள அறையில் எங்கள் பயிற்சி நிலையம் நடக்கிறது. பழமைவாத அரசியலில் இறங்க விரும்பும் சாதாரண ஆட்களைப் பழக்கி அனுப்புகிற, இலாபநோக்கற்ற சின்ன நிறுவனம். வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவதை யோகன் அண்ணை பழக்கினார். மேடையில் மூன்று நிமிடத்துக்குள் பேசி முடிப்பதை நான் பழக்கினேன். அகதியாய் வந்த சனத்துக்கு உந்தப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. யோகன் அண்ணைக்குக் கோபமே வராது. "என்ர வான், என்ர உளி, என்ர உழைப்பு. கவுண்மேந்து கொஞ்சம் தள்ளி நிண்டாக் காணும்" என்பார். பிறகு குரலைத் தணித்து, "எல்லாரும் ஒரே பக்கத்திலை நிண்டா அந்தப் பக்கக்காரன் எங்களைத் திரும்பியும் பாக்கமாட்டான், மற்றவன் கதவே திறக்கமாட்டான்" என்பார். எனக்கு இது சரியாகவே பட்டது. இப்போதும் படுகிறது.

அவருடைய தொழில் வீடுகளுக்குப் பலகைத் தரை பதிப்பது. வகுப்பில் அவர் வைத்த சட்டங்கள் கடுமையானவை. கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நிற்கவேண்டும். உள்ளே போகக்கூடாது. "வோட்டுக் கேக்கப் போற வீட்டிலை தேத்தண்ணி குடிச்சா பத்து வீடு போச்சு." ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். ஒரு வீட்டில் கதவு திறந்ததும் மனுசன் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். உள்ளே போனவர் போனவர்தான். நான் குளிரில் துண்டுப்பிரசுரங்களோடு முக்கால் மணித்தியாலம் நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வோட்டு என்ன மாதிரி அண்ணை?"

"ஐயோ, அதைக் கேக்க மறந்து போனன் பிள்ளை. ஆனா அந்தப் படி இனிக் கிறீச்சிடாது."

அடுத்த கிழமை அந்த வீட்டு முற்றத்தில் மற்றக் கட்சியின் தேர்தல் அட்டை நின்றது. நான் வயிறு நோகச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இனி அந்த நாள். எங்கள் தொகுதியில் கட்சியின் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று கட்சி அங்கத்தவர்களே வாக்களித்துத் தெரிவு செய்கிற நாள். நான் நின்றேன். அதற்காக ஒன்றரை வருடம் அலைந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து அங்கத்துவப் படிவம் நிரப்பவைக்காத உறவினர் எனக்கு இல்லை. வாக்களிப்பு நாலு மணியோடு முடியும். மோர்னிங்சைட்டில் முதியோர் இருக்கும் ஒரு கட்டடத்திலிருந்து பதினான்கு பேரை வானில் ஏற்றிவருவது யோகன் அண்ணையின் பொறுப்பு. "முதல் வோட்டுப் பெட்டி, பிறகுதான் மற்றதெல்லாம்" என்று வகுப்பில் படிப்பித்தவரே அவர்தான். ஆகவே அந்தப் பதினான்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வான் நாலு இருபதுக்கு வந்தது. கதவு பூட்டியாயிற்று. இறங்கின அத்தனை பேருக்கும் தலை ஈரம். பெண்கள் பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்து வந்திருந்தார்கள். நடந்தது இதுதான். அவர்களுடைய கட்டடத்தில் இருந்த ஒரு அம்மா செத்துப்போக, அன்று மதியம் உடலைப் பியூனரல் ஹோமில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அங்கே ஒருக்கா விட்டுவிட்டுப் போவோம் என்று இவர்கள் கேட்க, அண்ணை கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதோடு நின்றதா? செத்த வீட்டிலிருந்து நேரே வாக்குப்போட வரமாட்டோம் என்று பதினான்கு பேரும் திரும்ப வீட்டுக்குப் போய் முழுகியிருக்கிறார்கள்.

"செத்த வீட்டுத் துடக்கோட உன்ர நல்ல காரியத்துக்கு வரேலுமே பிள்ளை?" என்று ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவினார். நான் ஒன்பது வாக்குகளால் தோற்றேன்.

வான் பக்கத்தில் நின்ற அண்ணையிடம் போனேன். "ஏன் அங்க கொண்டு போனீங்கள்?"

"அடுத்த தேர்தல் வரும் பிள்ளை. அந்த மனுசி திரும்பச் சாகாது."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு மன்னிப்புக் கூட இல்லை. நான் அந்த இடத்திலேயே, பத்துப் பேர் பார்க்க, வாயில் வந்ததெல்லாம் பேசினேன். என்னோடு போட்டிக்கு நின்றவருக்கு விலைபோய்விட்டீர்கள் என்றும் சொன்னேன். அதைக் கேட்டவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள். அவர் காலடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நான் காலை வகுப்பு, அவர் பின்னேர வகுப்பு. படியில் எதிர்ப்பட்டால் நான் போனைப் பார்ப்பேன்.

போன கிழமை அவரைப் பார்வைக்கு வைத்த இடத்துக்குப் போனேன். போகாமல் விடலாமா என்றும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. பவளம் அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"உனக்கு அவரிலை சரியான கோபம், என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அண்டைக்கு அவரும் போடேல்லை எல்லோ."

"என்னத்தை?"

"வோட்டை. எல்லாரையும் கொண்டு வந்து இறக்கிப்போட்டுக் கடைசியாப் போடுறன் எண்டுதான் வெளிக்கிட்டவர். பிறகு மூண்டரைக்கு ஓடி வந்து முழுகினார். நான் கேட்டனான், செத்த வீட்டிலயிருந்து நேர வேலைக்குப் போற மனுசன், உங்களுக்கு எப்ப இருந்து உந்த நம்பிக்கை எண்டு. 'எனக்கு இல்லை, ஆனா பிள்ளையின்ர காரியம், ஏன் வீண் வில்லங்கம்' எண்டவர்."

வாக்களிப்பு நாளன்று அவர் குளிர்த்தொப்பி போட்டிருந்தார். உள்ளே தலை ஈரமாக இருந்ததென்று நான் எப்படிக் கண்டேன்?

அக்கா சொன்னதிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வான் சாரதி நானாக இருந்திருந்தால் பியூனரல் ஹோமைத் தாண்டிப் போயிருப்பேன். அந்தக் கிழவிகள் அழுதாலும் நிறுத்தியிருக்கமாட்டேன். இது அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் பேசாமல் நின்றாரா? நம்பிக்கை இல்லாத மனுசன் எனக்காக முழுகினார். அந்த முழுக்குக்குப் போன நேரத்தால்தான் நான் தோற்றேன். இதற்கு நன்றி சொல்வதா, ஏசுவதா? ஒரு வாய் திறந்து, நானும் முழுகிவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் இன்னும் கூட ஏசியிருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும். விலைபோனவர் என்று நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க இப்போது இடமில்லை. அதனால் அச்சில் எழுதுகிறேன்: யோகன் அண்ணை யாருக்கும் விலைபோகவில்லை. நான் சொன்னது பொய்.

அவருடைய பின்னேர வகுப்பையும் என்னையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுப்பேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தச் சட்டங்களை அல்ல. எனக்கென்று இருந்து, பெட்டிக்குள் விழாமல் போன அந்த ஒரு வாக்கைத்தான்.

நீங்கள் முழுகாமலே வந்திருக்கலாம், அண்ணை.